பழைய படம் பார்க்க எங்கே தொடங்குவது, புதுப் படத்தில் எது தேறும்?

நீங்கள் கேட்டது இதுதான்: வயது இருபத்தைந்து. பழைய தமிழ்ப் படம் எதைப் போட்டாலும் ஆட்கள் நின்றபடி பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிடுகிறீர்கள். எதிலிருந்து தொடங்கலாம், அண்மையில் வந்தவற்றில் எவை தேறும், படத்துக்கு இரண்டு வரி போதும் என்கிறீர்கள். இரண்டு வரியில் நிறுத்த எனக்கு வராது. சில படங்களுக்கு அரை வரி, சிலவற்றுக்கு அரைப் பக்கம் என்றுதான் போகும்.

முதலில் உங்கள் புகார். பழைய படங்களில் பேச்சு அதிகம் என்பது உண்மைதான். நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்கள், மேடையிலிருந்து வந்த கதைகள். வசனம் கேட்கவே ஜனம் கொட்டகைக்குப் போனது. எங்கள் ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' (1965) கதை வசனம் ஓடும். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்தில் காதாலேயே காட்டிவிடுவார்கள். தருமி புலம்புவது முழுக்க எனக்கு மனப்பாடமான பிறகுதான் அந்தப் படத்தையே பார்த்தேன். பார்த்த அன்று அசந்துபோனேன். நாகேஷின் வாய் ஒரு பக்கம் புலம்ப, கையும் காலும் தனியாக இன்னொரு புலம்பல் நடத்துவது ரெக்கார்டில் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். திரையில் ஒருவர் நீளமாகப் பேசத் தொடங்கினால் நான் அவரை விட்டுவிடுவேன். எதிரே கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார்ப்பேன். கேட்பவர் முகத்தில் ஏதாவது நடந்தால் அது நல்ல படம். கேட்பவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார் என்றால் அது வசனம் ஒப்பிப்பது, பழைய படமானாலும் போன வாரம் வந்த படமானாலும் சரி. நீங்களும் அப்படிப் பார்த்துப் பழகுங்கள். அலுப்பு பாதி குறையும்.

பழகிக்கொள்ளத் தோதான படம் 'காதலிக்க நேரமில்லை' (1964). ஸ்ரீதர் இயக்கம், சித்ராலயா கோபு கூட்டு, வண்ணப் படம், இன்றும் வேகமாக ஓடும். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனி வைத்திருக்கும் நாகேஷ், பணம் வைத்திருக்கும் அப்பா டி.எஸ். பாலையாவிடம் ஒரு பேய்க்கதை சொல்லும் காட்சி உங்கள் போனிலும் துண்டுத் துண்டாக வந்திருக்கும். பேசுவது முழுக்க நாகேஷ். காற்று, கதவு, காலடி எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகிறது. ஆனால் பாலையாவை மட்டும் ஒருமுறை பாருங்கள். பணக்கார அப்பா தோரணையில் உட்கார்ந்தவர், என்னடா உளறுகிறான் என்ற அலட்சியத்தில் தொடங்கி, ஆர்வமாகி, பிறகு பயந்து, பயந்ததை மகனுக்குக் காட்டக்கூடாது என்று முயன்று தோற்கிறார். அந்தக் காட்சியில் பாலையாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வசனம் கிடையாது. சிரிப்பு முழுவதும் அவர் முகத்திலிருந்துதான் வருகிறது.

அடுத்து 'பராசக்தி' (1952). மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம், கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம். பேச்சுப் படத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. கோர்ட்டில் குணசேகரனாகச் சிவாஜி பேசுவதை என் தலைமுறையில் பள்ளி ஆண்டுவிழா தோறும் யாராவது ஒரு பையன் மூச்சுப் பிடித்துப் பேசிவிடுவான். உங்களுக்கு அது மேடைப் பேச்சாகத் தெரியும். அது மேடைப் பேச்சுதான், எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனத்தைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் அந்தக் கோர்ட்டில் நீதிபதி யார் என்பதை மறந்துவிடாதீர்கள். பிரிந்துபோன குடும்பத்தின் மூத்த அண்ணன். கூண்டில் நிற்கும் கல்யாணி தன் கதையைச் சொல்லச் சொல்ல, இவள் என் தங்கை என்று புரிந்து எஸ்.வி. சகஸ்ரநாமம் மயங்கிச் சாய்கிறார். தம்பியின் பேச்சைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டே வருடம் கழித்து அதே ஏவி.எம். வளாகத்தில், அதே சிவாஜியையும் அதே பண்டரிபாயையும் வைத்து வந்த படம் 'அந்த நாள்' (1954). பாட்டே கிடையாது. நடனம், சண்டை எதுவும் கிடையாது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர்! வீணை வாசித்து உலகம் சுற்றிய மனிதர், பாட்டில்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரத்துக் கதை. ரேடியோ என்ஜினியர் ஒருவர் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி.யாக வந்து ஒவ்வொருவரையும் கேட்கிறார். ஒவ்வொருவரும் வேறொருவரைக் காட்டுகிறார்கள். இங்கும் பேச்சு நிறைய, ஆனால் எந்தப் பேச்சையும் நம்ப முடியாது. அதனால் பேசுகிறவர், கேட்கிறவர் இருவரையும் மாறி மாறிக் கவனித்தாக வேண்டும். பழைய படம் என்றால் அலர்ஜி என்ற நண்பர்களுக்கெல்லாம் இதைத்தான் மருந்தாகக் கொடுக்கிறேன். இதுவரை பழுதில்லை.

'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தையும் விட்டுவிடாதீர்கள். கிட்டத்தட்ட முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள். நோயாளிக் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா, அவளை முன்பு காதலித்த டாக்டர் கல்யாண்குமார். மூன்று பேரும் நல்லவர்கள், அதுதான் சிக்கல். கணவன் பெருந்தன்மையாகப் பேசப் பேச மனைவி உடைந்து போகிறாள். வின்சென்ட்டின் கேமரா அந்தக் கட்டிலைச் சுற்றிவரும் விதத்துக்காகவே பார்க்கலாம். முடிவு மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பற்றி நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் கையில் படமானது. நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. வாசிப்பது போல் நடிக்கும் சிவாஜியின் கழுத்து நரம்பைப் பார்த்தால் அதை நம்ப மனம் வராது. நான் இதை டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். அவள் ஆடும்போது அவன் ஒளிந்திருந்து கேட்பது, அவன் வாசிக்கும்போது அவள் கண்ணாலேயே நலம் விசாரிப்பது என்று கேட்பதும் பார்ப்பதுமாகவே காதல் முழுக்க நடந்துவிடுகிறது. ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்துவிட்டால் மற்ற எல்லோரும் கொஞ்சம் மங்கிப் போகிறார்கள். அது இயக்குநரின் தவறு இல்லை.

ஒரு வாக்குமூலமும் இங்கேயே கொடுத்துவிடுகிறேன். 'பாசமலர்' (1961) என்னால் முழுதாக உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. பாட்டு வரும்போதெல்லாம் உள்ளே ஓடி வருவேன், அழுகை தொடங்கினால் வெளியே போய்விடுவேன். அம்மா இருந்தவரை இதை வீட்டில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சோறு கிடைத்திருக்காது.

சரி, எழுபதுகள். '16 வயதினிலே' (1977) வந்தபோது படம் செட்டை விட்டு வெளியே வந்தது என்பார்கள், சரியான பேச்சு. பி.எஸ். நிவாஸின் கேமராவுக்காகவும் பரட்டையாக வரும் ரஜினியின் எகத்தாளத்துக்காகவும் பாருங்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவர் மகேந்திரன். 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்கு வசனம் எழுதியவர் அவர்தான். கொட்டகை அதிரக் கைதட்டு வாங்கிய வசனம். அதே மனிதர் தானே இயக்க வந்தபோது பேச்சை வழித்து எறிந்துவிட்டார். 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரன் நாவலிலிருந்து வந்தது, பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. மலையில் ஆளேற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டும் காளிக்கு (ரஜினி) என்ஜினியரைப் பிடிக்காது, ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. கை போன பிறகும் அந்த வீம்பு போகவில்லை. கடைசியில் தங்கை வள்ளி கல்யாணத்தை விட்டுவிட்டு அண்ணனிடமே ஓடி வந்துவிடுகிறாள். தங்கை தன் பக்கம் நின்றுவிட்டாள் என்பதே காளிக்குப் போதும். அவளை அவனே கூட்டிக்கொண்டு போய் என்ஜினியரிடம் ஒப்படைக்கிறான், இப்போதும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு. வேறு எந்தப் படமானாலும் அங்கே மன்னிப்பு, கட்டித் தழுவல், கண்ணீர். இங்கே வள்ளியாக வரும் ஷோபா நின்று கேட்கிறார், அவ்வளவுதான். ரஜினி நடித்ததில் எனக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை. என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

'உதிரிப்பூக்கள்' (1979) இன்னும் ஒரு படி மேலே. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டுக்கொண்டு எழுந்த கதை. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு அடிக்கிற வில்லன் இல்லை. சிரித்துக்கொண்டே அடுத்தவர் வாழ்க்கையைக் கெடுப்பவன், பார்த்தால் நம் தெருவில் இருக்கும் பெரிய மனிதர் மாதிரி இருப்பான். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. யாரும் கத்துவதில்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன் அவன் திரும்பி, தான் செய்ததிலேயே பெரிய தப்பு உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கியதுதான் என்கிற பொருளில் ஒன்று சொல்கிறான். இப்போது ஊரார் முகங்களைப் பாருங்கள். பதில் சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை. அப்புறம் கரையோரம் அவன் இரண்டு குழந்தைகள். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் அவன் சொல்வது உண்மையா, கடைசி நேரத் தந்திரமா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பாலு மகேந்திராவுக்கு 'மூன்றாம் பிறை' (1982) பேர் வாங்கிக் கொடுத்தது. ரயில் நிலையக் கடைசிக் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். நான் கைகாட்டுவது 'வீடு' (1988). பாட்டு இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சுதா வேலை பார்த்துக்கொண்டே கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள், கதையே அவ்வளவுதான். மட்டக்களப்பில் தான் சிறுவனாக இருந்தபோது அம்மா வீடு கட்டத் தொடங்கி, கலகலப்பாக இருந்தவர் எப்படி மாறிப்போனார் என்பதுதான் இந்தப் படத்தின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது, நியாயம். ஆனால் படம் சொக்கலிங்க பாகவதருடையது. வயதான தாத்தா, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டு, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருகிறார். பூசாத சுவர். அதைக் கையால் தடவிப் பார்க்கிறார். ஒவ்வோர் அறையாகப் போகிறார். பேசுவதற்கு அங்கே யாரும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைதான் கூட வருகிறது. அதற்குப் பிறகு அவர் அதிக நேரம் இருப்பதில்லை. நான் சொந்தமாக வீடு கட்டியபோது, மேஸ்திரி சிமெண்ட் மூட்டைக் கணக்குச் சொன்ன ஒவ்வொரு நாளும் இந்தப் படம் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது.

'நாயகன்' (1987) நன்றாக எடுக்கப்பட்ட படம், தோட்டா தரணி தாராவியைச் சென்னையிலேயே கட்டி நிறுத்தினார், பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சம் அதற்குப் பிறகு வந்த பாதிப் படங்களை மாற்றியது. எல்லாம் சரி. வேலு நாயக்கர் கடைசியில் பேரனிடம் சொல்லும் அந்த ஒற்றைச் சொல் பதில்தான் எனக்குப் படம் முழுவதையும் விட மேல்.

இனி புதியவை. புதுப் படம் எல்லாம் காட்டுகிறது, பழையதுதான் பேசுகிறது என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று நடிகர் பேசாமல் நின்றால் பின்னணி இசை பேசிவிடுகிறது. இங்கே பயப்படு, இங்கே விசில் அடி, இங்கே அழு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதுவும் வசனம்தான். கருணாநிதி வசனத்தில் தமிழாவது இருந்தது.

அந்தச் சத்தத்தை அறவே நிறுத்திவிட்டு ஒருவர் படம் எடுத்தார். பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024), பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. வழி நெடுக எல்லோரும் பேசுகிறார்கள், அவள் மட்டும் பேசுவதில்லை. அவளுக்குப் பேசி முடித்த முறைமாமனாக வரும் சூரி தொண்டை கட்டிப்போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லோரையும் அதட்டுகிறார். வழியில் கேட்ட பாட்டை அவள் மெல்ல முணுமுணுத்தாள் என்பதற்காக அவர் ஆடும் வெறியாட்டம் இருக்கிறதே, குரல் போன மனிதன் வாய் திறக்காத பெண்ணைப் பார்த்துப் பயப்படுவது அது. மீனாவாக வரும் அன்னா பென்னின் முகம்தான் படம். பாதையை மறித்து நிற்கும் காளை மாட்டிடம் ஆம்பிளைகள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். அரங்கில் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எனக்குப் பின்னால் ஒருவர், "அவ்வளவுதானா? அப்புறம் என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நல்ல கேள்வி. இயக்குநரும் அதைத்தான் நம்மைக் கேட்கிறார்.

அதே வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்', ரோட்டர்டாம் விழாவில் 2021-இல் டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம். குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கோபித்துப் போன மனைவியை அழைத்துவரப் போகிறான். பையன் பஸ்ஸுக்கான பணத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். ஆகவே கொதிக்கிற வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். தாகத்துக்குப் பையன் ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டில் ஏற்கெனவே இப்படிப்பட்ட கற்கள் சேர்ந்து கிடப்பதைக் காட்டும்போது, இந்த நடை எத்தனையாவது நடை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் சொல்லவில்லை.

'விசாரணை' (2016-இல் திரைக்கு வந்தது) மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்களைப் பிடித்துப்போய் அடிக்கிறார்கள். எதற்கு என்று தெலுங்கில் கத்துகிறார்கள். இவர்களுக்குப் புரியவில்லை. புரியாத மொழியைக் கேட்கும் முகங்களை இவ்வளவு நெருக்கத்தில் வைத்துக் காட்டிய தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

'பரியேறும் பெருமாள்' (2018) கடைசிக் காட்சியை 'பராசக்தி' கோர்ட்டுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். நடுவில் 66 வருடம். குணசேகரன் ஊருக்கே கேட்கும்படி பேசினான். பரியன் ஒரே ஒரு மனிதரிடம், தான் பழகிய பெண்ணின் அப்பாவிடம், தன்னைக் கொல்ல ஆள் வைத்தவரிடம், குரலை உயர்த்தாமல் பேசுகிறான். நான் நாயாகவே இருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறவரை எதுவும் மாறாது என்கிறான். மாரிமுத்து அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார், முழுதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்புறம் இரண்டு டீ டம்ளர், நடுவில் ஒரு பூ. மாரி செல்வராஜ் அதற்குப் பிறகு எடுத்த படங்களில் கை தேர்ந்திருக்கிறது, ஆனால் இந்த நிதானம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யும் (2018) அதே வருடம்தான். லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. மலையேறி மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. காற்றாலைகளின் கீழே அவன் காவல்காரனாக உட்கார்ந்திருப்பதில் படம் முடிகிறது. பார்த்தே ஆகவேண்டும்.

'மெய்யழகன்' (2024) உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும், ஒரு பிரச்சினை உண்டு: கார்த்தி ஓயாமல் பேசுகிறார். நீளம் என்று சொல்லி, வெளியான பிறகு பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு அந்த வெட்டில் சம்மதமில்லை. தஞ்சாவூரை விட்டுப்போன அருள்மொழி பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அத்தான் அத்தான் என்று உருகும் இந்த ஆள் யார் என்று அவருக்கு நினைவில்லை; கேட்கவும் கூச்சம். இரவு முழுக்க அந்தக் கூச்சத்தோடு அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாலையாவுக்குப் பிறகு கேட்பதையே ஒரு வேலையாகச் செய்த நடிப்பு என்று சொல்வேன். பேச்சைக் குறைத்தால் அவர் கேட்கும் நேரமும் குறைகிறது, அதுதான் வெட்டியதில் வந்த நஷ்டம்.

மிச்சத்தை வேகமாக முடிக்கிறேன். 'ஆரண்ய காண்டம்' (2011): ஓடாத படம், இன்று ஆளுக்கு ஆள் கொண்டாடுகிறார்கள், அப்பனும் பையனும் வரும் பகுதி தங்கம். 'காக்கா முட்டை' (2015): குடும்பத்தோடு பாருங்கள், பீட்சா பார்சல் சொல்ல வேண்டாம். 'சார்பட்டா பரம்பரை' (2021): முதல் பாதி, அதிலும் டான்சிங் ரோஸ், பிரமாதம், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது. 'மகாராஜா' (2024): திரைக்கதை சாமர்த்தியம் அபாரம், ஆனால் ஒரு பெண்குழந்தைக்கு நடந்த கொடுமையைக் கடைசி முடிச்சுக்காக ஒளித்து வைப்பது எனக்குச் சங்கடம். 'லப்பர் பந்து' (2024): கெத்துவாக வரும் தினேஷுக்காகவே இரண்டு முறை பார்த்தேன். 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025): இலங்கைத் தமிழ் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு குடும்பம் பயந்து வாழ்வது நல்ல கரு, அதில் சர்க்கரை ஒரு கரண்டி கூடிவிட்டது.

வரிசை கேட்டீர்கள் அல்லவா? முதல் நாள் 'காதலிக்க நேரமில்லை'. மறுநாளே 'அந்த நாள்'. அப்புறம் 'மெய்யழகன்', அதற்குள் கேட்பவரைப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். வந்ததும் 'முள்ளும் மலரும்', 'வீடு', 'கொட்டுக்காளி' என்று போங்கள். 'பராசக்தி'யையும் 'பரியேறும் பெருமாள்' படத்தையும் அடுத்தடுத்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். 'விசாரணை'யை மட்டும் ராத்திரி தனியாக உட்கார்ந்து போட வேண்டாம்.